மணவறைக்கு ஒரு வயல்

நோர்பரியிலிருந்து டூட்டிங் வரைக்கும் கார் ஓட்டுகிற தமிழ்ப் பெண்களில் பாதிப்பேர் யோகமலரிடம் பேச்சு வாங்கியவர்கள். கூரையில் 'எல்' பலகை வைத்த அவளுடைய வெள்ளைக் காரைத் தெருவில் கண்டால், லைசென்ஸ் எடுத்துப் பல வருசமானவர்கள்கூட முதுகை நிமிர்த்தி, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடிப்பார்கள். அவளும் லேசில் தேறியவள் அல்ல. டெஸ்டில் திரும்பத் திரும்பத் தோற்றவள். அதை மறைக்கவும் மாட்டாள். "ஃபெயிலாகிற வழி எல்லாம் எனக்குத் தெரியும். அதுதான் படிப்பிக்க வந்தனான்" என்று முதல் நாளே சொல்லிவிடுவாள்.

அவளுக்கும் ஸ்ரீதரனுக்கும் கல்யாணம் நடந்தது ஜெர்மனியில், ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டு மண்டபத்தில். அகதியாக வந்தவர்களுக்கு அந்த ஊரில் அப்போது கிடைத்த இடம் அதுதான். மணவறையை எந்தப் பக்கம் வைத்தாலும் பின்னால் ஒரு கூடைப்பந்து வளையம் வந்து நின்றது. படம் பிடித்தவர் குனிந்தும் சரிந்தும் பார்த்தார், நடக்கவில்லை. தாலி கட்டுகிற படத்தில் மாப்பிள்ளையின் தலைக்கு மேல் வலை தொங்குகிறது. ஆல்பத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே பகிடியைத்தான் விட்டார்கள். யோகமலரும் கூடச் சிரித்தாள். ஆனால், தனக்கு ஒரு பெண் பிறந்தால் புல்லும் மரமும் வானமும் உள்ள இடத்தில்தான் அவளைக் கட்டிக்கொடுப்பது என்று மனதுக்குள் தீர்மானித்துவிட்டாள்.

அந்தப் பெண் பிறந்தாள். விதுஷா என்று பெயர் வைத்தார்கள். அவள் பள்ளிக்கூடம் போகிற வயதில் குடும்பம் லண்டனுக்கு வந்தது. இப்போது டூட்டிங்கில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். எதையும் தெளிவாகப் பார்க்கிற பிள்ளை. கூடப் படித்த தர்சிகனைக் கட்டப்போகிறேன் என்று சொன்னபோது இரண்டு வீட்டிலும் யாரும் முகம் சுளிக்கவில்லை. எங்கே கட்டுவது என்பதிலும் அவளுக்குக் குழப்பம் இல்லை. குரொய்டன் பக்கம் ஒரு பெரிய கல்யாண ஹோல் இருந்தது. கார் விட இடம், சமைக்க அடுப்படி, எல்லாம் உண்டு.

"அந்த ஹோல் வேண்டாம்" என்றாள் யோகமலர்.

"ஏனம்மா?"

"ஜன்னல் இல்லை."

"கலியாணத்தில ஆர் ஜன்னலால வெளியில பாக்கிறது?"

"நான் பாப்பன்."

அதன் பிறகு அவள் போனைத் திறந்து காட்டினாள். ஏரிக்கரையில் மாளிகை, புல்வெளியில் வெள்ளை நாற்காலிகள், பின்னால் ஆட்டுக்கூட்டம். விதுஷா அம்மாவை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"அம்மா, சீரியஸா? உது வேற ஆக்களின்ர ஸ்டைல். நூறு பேர் வந்து, ஒரு துண்டு மீன் சாப்பிட்டிட்டு டான்ஸ் ஆடுவினம். எங்கட ஆக்கள் மோட்டர்வே தாண்டி வருவினமா?"

"சோறு இருந்தால் வருவினம்" என்றார் ஸ்ரீதரன், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல். எலக்ட்ரீஷியன் வேலை செய்கிறவர். வீட்டில் அளந்துதான் பேசுவார்.

கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. ஓமம் வளர்க்க விடவேண்டும். எங்கள் சாப்பாட்டை நாங்களே கொண்டுபோக வேண்டும். நானூறு பேர் கொள்ளவேண்டும். பொங்கலுக்குள் அப்படி ஓர் இடத்தை அம்மா கண்டுபிடித்தால் விதுஷா வாயைத் திறக்கமாட்டாள். இல்லையென்றால் ஜன்னல் இல்லாத ஹோல்.

முதலில் போனது சரேயில் ஒரு பழைய பிரபு மாளிகைக்கு. விதுஷாவுக்கு அன்று வேலை. யோகமலரும் ஸ்ரீதரனும் மட்டும் போனார்கள். அவள் மயில்நீலச் சேலை கட்டியிருந்தாள். அவர் தன்னிடமிருந்த ஒரே கோட்டைப் போட்டிருந்தார். வாசலில் மரினா என்ற பெண் நின்றாள். அங்கே நடக்கிற திருமணங்களை ஒழுங்கு செய்கிறவள். இருவரையும் கண்டதும் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்து வாழ்த்துச் சொன்னாள். மகளுக்கான வாழ்த்து என்று நினைத்து யோகமலர் நன்றி சொன்னாள்.

"எவ்வளவு காலமாக ஒன்றாக இருக்கிறீர்கள்?" என்று மரினா கேட்டாள்.

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது ஸ்ரீதரனின் வழக்கம். "முப்பது வருசம் ஆகப்போகிறது" என்றார்.

மரினாவின் கண் பனித்தது. "எவ்வளவு அழகு! எப்படிச் சந்தித்தீர்கள்?"

"படத்தைப் பார்த்துத்தான் பிடித்துப்போனது."

"ஓ, ஆன்லைனிலா?"

"இல்லை, தபாலில்."

மரினா பரவசப்பட்டுப்போய் அவர்களை உள்ளே அழைத்துப்போனாள். ஓவியம் வரைந்த கூரையை அவள் காட்டியபோது ஸ்ரீதரன் சுவரில் எத்தனை பிளக் இருக்கிறது என்று பார்த்தார். "உங்களுக்கு ஒரு மகள் என்றீர்களே, மணப்பெண்ணின் தோழியாக அவள்தான் வருவாளா?" என்று மரினா கேட்டதும்தான் யோகமலருக்கு விஷயம் பிடிபட்டது.

"இஞ்சருங்கோ" என்றாள் பல்லைக் கடித்தபடி. "உவள் எங்களுக்குத்தான் கலியாணம் எண்டு நினைக்கிறாள். சொல்லுங்கோ."

"கேக் தரப்போறன் எண்டவ. சாப்பிட்டிட்டுச் சொல்லுவம்."

கேக்குக்கு முன்னால் ஒரு மாடிப்படி இருந்தது. மணப்பெண் அதில் இறங்கி வருவதுதான் அந்த மாளிகையின் சிறப்பு என்று சொல்லி, மரினா யோகமலரை மேலே கூட்டிக்கொண்டுபோய் விட்டாள். மறுத்துச் சொல்ல இடம் கிடைக்கவில்லை. யோகமலர் சேலைக் கொய்யகத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பாதிப் படியில் நிமிர்ந்து பார்த்தால், கீழே ஸ்ரீதரன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு அண்ணாந்து நின்றார். தாலி கட்டின அன்றைக்கு இருவரும் ஐயரின் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒருவரையொருவர் சரியாகப் பார்க்கவில்லை. அவள் அடுத்த படியில் காலை வைக்க மறந்து நின்றாள்.

"கால் தடக்காமல் வா மலர்" என்றார் அவர்.

கேக் எலுமிச்சை வாசத்தோடு நன்றாகத்தான் இருந்தது. சாப்பிட்டு முடித்தபின் யோகமலர் ஓமத்தைப் பற்றிக் கேட்டாள்.

"உண்மையான நெருப்பா?" மரினாவின் உதட்டில் சிரிப்பு அப்படியே நிற்க, கண் மட்டும் கூரைக்குப் போனது. கூரை முழுக்கப் பழைய ஓக் மரம். மெழுகுதிரிகூடக் கொளுத்த அனுமதியில்லை. அவள் ஓடிப்போய் ஒரு பொருளைக் கொண்டுவந்து காட்டினாள். மெழுகுதிரிபோல் மினுங்குகிற பற்றறி விளக்கு. ஒரு பாத்திரம் நிறைய அதை வைத்தால் மிக வடிவாக இருக்கும் என்றாள்.

யோகமலர் புருசனிடம் தமிழில் சொன்னாள். "அக்கினி சாட்சியாய்க் கட்டுற தாலியைப் பற்றறி சாட்சியாய்க் கட்டட்டாம்."

"அதுக்கென்ன, சாட்சி நூந்துபோனால் நான் பற்றறி மாத்திவிடுறன்."

மரினாவிடம் கடைசிவரைக்கும் உண்மையைச் சொல்லவில்லை. வாசலில் அவள் இருவரையும் கட்டிப்பிடித்து, "இன்னுமொரு முப்பது வருசம் காத்திருந்துவிடாதீர்கள்" என்று வழியனுப்பி வைத்தாள்.

அடுத்தடுத்துப் போன இடங்களும் அப்படித்தான். ஒன்றுக்கு வைக்கோல் கூரை. இன்னொன்றில் நெருப்புக்குச் சம்மதம், சோற்றுக்குச் சம்மதமில்லை. அவர்களுடைய சமையல்காரரே பருப்புக்கறி வைத்துத் தருவாராம். மூன்றாவது இடத்தில் எத்தனை பேர் என்று கேட்டார்கள். நானூறு என்றாள். நாற்பதா என்று திருப்பிக் கேட்டார்கள். இல்லை, நானூறு என்றதும், இது கல்யாணமா ஊர்வலமா என்று அந்த ஆள் உண்மையாகவே தெரியாமல் கேட்டார்.

கார்த்திகை பிறந்துவிட்டது. கென்ட்டில் ஒரு பண்ணைக்காரர் தன் வயலைக் கல்யாணங்களுக்குக் கொடுக்கிறார் என்று யோகமலர் அறிந்துவைத்திருந்த நேரம் பார்த்து, கமலாம்பிகையிடமிருந்து போன் வந்தது. தர்சிகனின் தாய். அப்டன் பார்க்கில் சேலைக்கடை வைத்திருக்கிறவர். எல்லாவற்றையும் கேள்வியாகவே பேசுவார்.

"வயலுக்குள்ளயாம் கலியாணம்? எங்கட ஆக்கள் என்ன கதைப்பினம்? பட்டுச்சேலையோட சேத்துக்குள்ள நிக்கிறதே?"

யோகமலருக்கு யாரையும் அடக்கத் தெரியும். சம்பந்தியை மட்டும் அடக்க முடியாது. "ஞாயிற்றுக்கிழமை ஒருக்கா வந்து பாருங்கோ அக்கா. பிடிக்காட்டி விட்டிடுவம்" என்றாள்.

ஸ்ரீதரனுக்கு அந்த ஞாயிறு வேலை வந்துவிட்டது. வேலை வந்ததா, அவராக வரவழைத்துக்கொண்டாரா என்று யோகமலர் விசாரிக்கவில்லை. இரண்டு பெண்களும் மட்டும் எல் பலகைக் காரில் புறப்பட்டார்கள். கமலாம்பிகை குதிச் செருப்பும் கம்பளிக் கோட்டுமாக வந்தார். மடியில் ஒரு பை நிறைய மட்டன் ரோல்ஸ். மோட்டர்வேயில் அமைதி. நாட்டுப்புறத்து ஒழுங்கைகள் தொடங்கியதும் யோகமலருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பதற்றம் வந்தால் அவள் பாடம் எடுப்பாள்.

"பாத்தீங்களே அக்கா, இந்த மாதிரி ஒடுக்கமான ரோட்டில வளைவுக்கு முதலே ஸ்பீடைக் குறைக்கவேணும். என்ன வந்தாலும் ஸ்டியரிங்கை வெட்டப்படாது. அதுதான் முக்கியம்."

வேலிக்குள்ளிருந்து நீண்ட வாலும் பளபளக்கிற கழுத்துமாக ஒரு காட்டுக்கோழி நடுரோட்டுக்கு வந்தது.

"மயிலே?" என்றார் கமலாம்பிகை.

யோகமலர் ஸ்டியரிங்கை வெட்டினாள்.

காட்டுக்கோழி ஒன்றும் நடக்காததுபோல் அந்தப் பக்கம் போய்விட்டது. காரின் இடதுபக்கச் சக்கரங்கள் ரோட்டோரத்துக் கானுக்குள் இறங்க, கமலாம்பிகை கதவோடு சாய்ந்து, ரோல்ஸ் பையை உயரத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார். யாருக்கும் காயமில்லை.

"இது எத்தினையாம் பாடம், யோகம்?" என்று கேட்டார் கமலாம்பிகை.

யோகமலருக்கு அழுகைதான் வந்தது. வாயைத் திறந்ததும் அது சிரிப்பாகிவிட்டது. கமலாம்பிகையும் தொடங்கிவிட்டார். காரே குலுங்குகிற சிரிப்பு. பிறகு யோகமலர் பண்ணைக்காரருக்குப் போன் எடுத்து வழியில் நிற்கிறோம் என்று சொன்னாள். ஏன் நிற்கிறோம் என்று சொல்லவில்லை. அவர் வரும்வரைக்கும் சரிந்த காருக்குள் இருந்தபடியே ரோல்ஸ் சாப்பிட்டார்கள்.

"நீங்கள் கார் பழகவே இல்லையோ அக்கா?"

"பழகவேணும் எண்டு கேட்டனான். என்ர மனுசன் பாலேந்திரா, 'நான் ஏத்தி இறக்கிறன்தானே, உமக்கேன்' எண்டார். இப்ப கடையால வீட்டை போறதெண்டாலும் அவர் வருமட்டும் பாத்துக்கொண்டு நிக்கவேணும். கேட்ட நாளில பிடிவாதமாய் நிண்டிருக்கவேணும், என்ன?"

யோகமலர் பதில் சொல்வதற்குள் டிராக்டர் சத்தம் கேட்டது. இருவரும் காரை விட்டு இறங்கி நின்றார்கள். பண்ணைக்காரர் சிவந்த முகத்துப் பெரிய மனிதர். இறங்கி வந்து கானைப் பார்த்தார். கூரையிலிருந்த எல் பலகையைப் பார்த்தார். அதில் பெரிய எழுத்தில் 'யோகா டிரைவிங் ஸ்கூல்' என்று இருந்தது. அவர் மீசைக்குள் ஒரு சிரிப்பு எழும்பியது. யோகமலருக்குக் காதுவரை சூடேறியது.

"யார் ஓட்டியது?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றார் கமலாம்பிகை, பட்டென்று. "இன்றைக்குத்தான் என் முதல் பாடம்."

யோகமலர் திரும்பிப் பார்த்தாள். சம்பந்தியம்மா கம்பளிக் கோட்டைச் சரிசெய்துகொண்டு, கண்ணிமைக்காமல் பண்ணைக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல் நாளே இந்த ஒழுங்கைக்கா கூட்டிவந்தார்கள்?" பண்ணைக்காரர் யோகமலரைக் கண்டிப்பதுபோல் பார்த்தார். "என் வயலில் பழகுங்கள் அம்மா. அங்கே மோதுவதற்கு ஒன்றுமே கிடையாது."

டிராக்டர் ஓர் இழுப்பில் காரைத் தூக்கிவிட்டது. அதன் பின்னாலேயே போனார்கள். ஒழுங்கை முடிகிற இடத்தில் கேட் திறந்தது. அதற்கப்பால் பரந்த புல்தரை, உறைபனியில் இறுகி வெள்ளை மினுக்கமாகக் கிடந்தது. தொலைவில் சரிவு, அதன் மேல் இலை கொட்டிய மரங்கள். வேறு எதுவுமில்லை, வானம்தான். யோகமலர் காரை நிற்பாட்டி இறங்கிவிட்டாள்.

பண்ணைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கத் தயாராக நின்றார். பொய்யைக் காப்பாற்ற வேறு வழியில்லை. கமலாம்பிகை குதிச் செருப்பைக் கழற்றிவைத்துவிட்டுச் சாரதி ஆசனத்தில் ஏறினார். கார் விக்கியது, நின்றது, துள்ளியது. பக்கத்து ஆசனத்தில், தன் பக்கத்து பிரேக்கின் மேலேயே காலை வைத்திருந்த யோகமலர், "பயப்பிடாதேங்கோ, கிளச்சை மெதுவா விடுங்கோ, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நாலாவது தரமோ ஐந்தாவது தரமோ கார் ஒழுங்காக நகர்ந்தது. கமலாம்பிகை வயலைச் சுற்றினார். இன்னொரு சுற்றும் போனார். நிற்பாட்டச் சொல்லியும் நிற்பாட்டவில்லை.

"யோகம், இது நானே ஓடுறன்?"

"நீங்கள்தான் அக்கா ஓடுறீங்கள்."

சம்பந்தியம்மா வெறுங்காலோடு புல்லில் குதித்து இறங்கினார். முகம் பள்ளிக்கூடப் பிள்ளையின் முகமாக இருந்தது. பண்ணைக்காரர் கை தட்டினார்.

பிறகுதான் கல்யாணப் பேச்சு. பெரிய கூடாரம் போடலாம். சமையலுக்குத் தனிக் கூடாரம். வண்டியில் வருகிற கழிப்பறை, சுடுதண்ணீரோடு. பஸ் வரலாம், கார் எத்தனையும் விடலாம். நானூறு என்றபோது அவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. ஆட்டுச் சந்தைக்கு அதைவிடக் கூட்டம் வரும் என்றார். யோகமலர் கடைசிக் கேள்வியை மென்று விழுங்கிக் கேட்டாள்.

"நெருப்பு வளர்க்கவேண்டும்."

"எவ்வளவு பெரிது?"

அவள் இரண்டு கையாலும் ஒரு சலவைத் தொட்டியின் அளவைக் காட்டினாள். கூடிப்போயிற்றோ என்று பயந்து கையைக் கொஞ்சம் ஒடுக்கினாள். பண்ணைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். வயலின் மூலையைக் காட்டினார். அங்கே பெரிய வீட்டின் அளவுக்குக் கருகிய வட்டம் ஒன்று கிடந்தது. நவம்பர் ஐந்தாம் தேதி ஊர் முழுக்கக் கூடி விறகை மலையாகக் குவித்துக் கொளுத்துவார்களாம். அவருடைய தாத்தா காலத்திலிருந்து அந்த மூலையில் எரிகிறதாம்.

கமலாம்பிகை அந்தக் கருகிய வட்டத்தைப் பார்த்தார். யோகமலரைப் பார்த்தார். "இவ்வளவு காலமாய் அக்கினி வளர்த்த இடத்தை விட்டிட்டு வேற எங்க தேடுறது?" என்றார்.

அன்று மாலை விதுஷா முழுக் கதையையும் கேட்டாள். அவள் நம்பாதது ஒன்றே ஒன்றுதான். "வெயிட், ஆன்ரி டிரைவ் பண்ணினவவா? கமலா ஆன்ரி?" தர்சிகனுக்கு போன் எடுத்து அவனையும் நம்பவைத்தபின் அம்மாவிடம் வந்தாள். "ஓகே, நீங்கள் வின். ஆனால் மழை பெய்தால் நான் பொறுப்பில்லை."

பதிவுத் திருமணத்தைக் கவுன்சிலில் முன்பே முடித்துவிட்டு, ஆவணியில் ஒரு சனிக்கிழமை வயலில் மணவறை போட்டார்கள். விடியவே மழை பெய்தது. பிறகு விட்டுவிட்டது. நோர்பரியிலிருந்து வந்த பஸ் நேராக வந்தது. அப்டன் பார்க் பஸ் வேறொரு பண்ணைக்குப் போய், பெரியவர்கள் இறங்கி மணவறை எங்கே என்று விசாரித்து, அந்த வீட்டார் கொடுத்த பிளம்ஸ் பழங்களோடு வந்து சேர்ந்தது. பண்ணைக்காரர் கழுத்துப்பட்டி கட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஐயர் ஓமத்தை மூட்டியதும் எட்டிப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்று பக்கத்திலிருந்த ஸ்ரீதரனின் தம்பியிடம் ஏமாற்றத்தோடு கேட்டார்.

யோகமலர் மட்டும் அங்கே இல்லை. கார் விடுகிற இடத்துக்குப் பொறுப்பாகச் சொந்தக்காரப் பொடியன் ஷங்கரை நிறுத்தியிருந்தார்கள். அவன் பேச்சை யாரும் கேட்கவில்லை. அவரவர் நினைத்தபடி குறுக்கும் நெடுக்குமாக விட்டதில் இரண்டாவது பஸ் கேட்டுக்குள் நுழைய முடியாமல் நின்றது. மகளின் தோளில் மாலையைச் சரிசெய்துகொண்டிருந்த யோகமலர், கூடாரத் துவாரத்தால் அதைக் கண்டாள். ஒரு வரிசை கோணலாக இருப்பதைக் கண்டபின் அவளால் சும்மா இருக்க முடியாது. இந்தா வாறன் என்று போனவள்தான். குங்குமநிறக் காஞ்சிபுரத்தைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, வயலின் நடுவில் நின்று கையைக் காட்டத் தொடங்கிவிட்டாள். அவளைக் கண்டதும் பழைய மாணவிகள் சத்தமில்லாமல் தங்கள் கார்களைத் திருப்பி நேராக விட்டார்கள்.

"பெண்ணின்ர தாயார் எங்க நிண்டாலும் மணவறைக்கு வரவும்" என்று ஒலிபெருக்கியில் ஐயரின் குரல் வந்தது.

"ஒரு நிமிசம், இந்த பஸ்ஸை விட்டிட்டு!" என்று அவள் வயலிலிருந்து கத்தினாள்.

"அம்மா, முகூர்த்தம் பஸ்ஸுக்கு நிக்காது!"

நானூறு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவள் ஓடினாள். ஒரு செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. மற்றதையும் உதறிவிட்டு ஓடினாள். மணவறையில் ஏறியபோது மூச்சு வாங்கியது, காலெல்லாம் புல் ஒட்டியிருந்தது. ஸ்ரீதரன் மகளின் கையைத் தன் கையில் ஏந்தியபடி, நீர்ச்செம்பை மனைவியிடம் நீட்டினார். விதுஷா தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"எல்லாம் பார்க் பண்ணியாச்சா, அம்மா?"

"வாயை மூடு, ஐயர் பாக்கிறார்."

நீரை வார்த்தபோது யோகமலரின் கை ஆடவில்லை. கெட்டிமேளம் முழங்கி, தர்சிகன் தாலி கட்டியபோதுதான் அவளுக்கு எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. புகை கூடாரத்தின் திறந்த பக்கத்தால் வெளியேறி, சரிவுவரை போனது. வேலிக்கு அப்பால் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்த பக்கத்துப் பண்ணை மாடுகள் தவில் சத்தத்துக்கு வாலைத் தூக்கிக்கொண்டு ஓடின.

குறை சொல்ல வந்தவர்கள் குறை சொன்னார்கள். தேத்தண்ணி ஆறிப்போயிற்று, கழிப்பறை தூரம், சாம்பாரில் ஓர் இலை பறந்து விழுந்தது. ஆனால் யாரும் போகவில்லை. பிள்ளைகள் சரிவில் உருண்டார்கள், பெரியவர்கள் நாற்காலிகளை வெயில் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசினார்கள். யோகமலருக்குச் சாப்பிட நேரம் கிடைத்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. கூடாரத்துக்குப் பின்னால் ஒரு வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து, வெறுங்காலைப் புல்லில் நீட்டிக்கொண்டு, தட்டை மடியில் வைத்தாள். கூறைச்சேலையை அள்ளிப் பிடித்துக்கொண்டு விதுஷா வந்து பக்கத்தில் இருந்தாள்.

"ஹோல் எண்டால் இந்நேரம் எங்களை வெளியால கலைச்சிருப்பாங்கள், என்னம்மா?"

யோகமலரின் வாய் நிறைய வடை. தலையை மட்டும் ஆட்டினாள்.